கூலிக்காரன் தொட்ட கோப்பை

1883ஆம் வருசம் மார்ச் 31, சனிக்கிழமை. லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். ஒரு பக்கம் ஓல்ட் ஈட்டோனியன்ஸ். ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்கள். போன வருசம் கோப்பையை வென்றவர்கள். அவர்களின் தலைவர் ஆர்தர் கின்னெர்ட், பிரபு வம்சத்து வாரிசு, வங்கிக் குடும்பம். அவருக்கு இது ஒன்பதாவது இறுதியாட்டம். எதிர்ப் பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். வடக்கே லங்காஷயர் பஞ்சாலை ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். நெசவாளிகள், நூல் நூற்பவர், இரும்பு வார்ப்படச் சாலைத் தொழிலாளி, குழாய் வேலை செய்பவர்.

விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஆட்டத்தை ஒரு சுவாரசியமான சம்பவமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். நாம் அப்படிக் கடந்துபோக முடியாது. ஆட்டத்தை யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்பதை முடிவு செய்தவர்கள் யார் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

கால்பந்துச் சங்கம் 1863இல் லண்டனில் ஒரு விடுதியில் கூடி உருவானது. கோப்பை 1871-72இல் தொடங்கியது. பெயர் கொடுத்தவை 15 அணிகள்தான். கோப்பையின் விலை 20 பவுன், சின்ன வெள்ளிச் சாமான். தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு என்ற முறை. ஏட்டில் எல்லாரும் சமம். ஆனால் முதல் பதினோரு வருசமும் ஜெயித்தவர்களைப் பாருங்கள்: வாண்டரர்ஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், ராயல் எஞ்சினியர்ஸ் ராணுவ அதிகாரிகள், கிளாப்ஹாம் ரோவர்ஸ், ஓல்ட் கார்த்தூசியன்ஸ், ஓல்ட் ஈட்டோனியன்ஸ். எல்லாம் தெற்கத்தி மேட்டுக்குடி. விதி எழுதினவனும் அவன், ஆடினவனும் அவன், கோப்பையை எடுத்துப்போனவனும் அவன்.

உழைக்கிற மக்கள் எப்படி ஆடுவார்கள்? முதலில் நேரம் வேண்டும். 1850இல் வந்த சட்டம், துணி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை மதியம் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆக ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கல. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி வருசக்கணக்கில் போராடிப் பெற்றது.

அப்புறம் காசு. 1879இல் பக்கத்து ஊரான டார்வென் அணி கால் இறுதிக்கு வந்தது. எதிரி இதே ஓல்ட் ஈட்டோனியன்ஸ். ஆட்டம் லண்டனில்தான் நடக்கும். 5-1 என்று பின்தங்கியிருந்த டார்வென் கடைசிக் கால் மணி நேரத்தில் நான்கு கோல் போட்டு 5-5 என்று நிறுத்தியது. கூடுதல் நேரம் ஆடி முடித்துவிடலாம் என்றார்கள் டார்வென்காரர்கள். கனவான்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி லண்டன் வரவேண்டியதாயிற்று. அதுவும் 2-2. மூன்றாவது தடவை வந்து 6-2 என்று தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஊரில் வசூல் செய்து ரயில் சத்தம் கட்ட வேண்டும், ஆலையில் கூலி போகும். பிரபுக்களுக்கு இன்னொரு நாள் ஆடுவது இன்னொரு பொழுதுபோக்கு. இவர்களுக்கு அது ஒரு வாரப் பொழப்பு.

பிளாக்பர்ன் ஒலிம்பிக் 1878இல் உருவானது. அதே வருசம் ஆலை முதலாளிகள் நூற்றுக்குப் பத்து கூலியை வெட்டினார்கள். லங்காஷயர் நெசவாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே மாதம் பிளாக்பர்னில் முதலாளிகள் தரப்புத் தலைவரின் மாளிகை தீக்கிரையானது. பல வாரம் தாக்குப்பிடித்த வேலைநிறுத்தம் கடைசியில் தோற்றுப்போனது. தோற்ற அந்தத் தெருக்களில்தான் இந்த அணியும் பந்து உதைத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. பிளாக்பர்ன் தறிகளில் நெய்த வேட்டித் துணி கப்பலேறி வந்தது இந்தியாவுக்குத்தான். அந்த நெசவாளி கூலிக்கு வதைபட்டான். அவன் நெய்த துணியால் நம் பக்கத்துக் கைத்தறி நெசவாளியும் வதைபட்டான். இரண்டு பேரையும் ஒரே கணக்குப் புத்தகம்தான் வதைத்தது.

1882-83 பருவத்தில் அக்ரிங்டனை 6-3 என்று ஜெயித்துத் தொடங்கிய ஒலிம்பிக், கால் இறுதியில் வேல்ஸ் நாட்டு ட்ரூயிட்ஸை 4-1 என்று வென்றது. அரை இறுதியில் ஓல்ட் கார்த்தூசியன்ஸை 4-0. முன்னாள் சாம்பியனான அந்தப் பணக்காரப் பள்ளி அணியை அப்படி நொறுக்குவார்கள் என்று லண்டனில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர்களைப் பயிற்றுவித்தவர் ஜாக் ஹன்டர், ஷெஃபீல்டுக்காரர், அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்தவர். இறுதியாட்டத்துக்கு முன்னால் அணியை பிளாக்பூல் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சில நாள் தங்கவைத்து நடையும் ஓட்டமும் உணவும் ஒழுங்குபடுத்தினார். செலவுக்குக் கை கொடுத்தவர் இரும்பு வார்ப்படச் சாலை முதலாளி சிட்னி யேட்ஸ். ஆமாம், முதலாளி காசுதான். அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதற்குத்தான் கனவான்கள் முகம் சுளித்தார்கள். ஆட்டத்துக்குப் பயிற்சியா? கூலிக்காரன் வேலைக்குப் போகாமல் கடற்கரையில் இருந்தால் சோறு போட்டது யார்? 1882இல் சங்கம் போட்ட விதி: ஆன செலவும் இழந்த கூலியும் தவிர ஒரு காசு கூடுதலாக வாங்கினாலும் கோப்பையில் ஆடக் கூடாது. காசு பட்டால் ஆட்டம் தீட்டாகிவிடுமாம். பரம்பரைச் சொத்தில் சாப்பிடுகிறவனுக்கு ஆட்டத்தில் காசு வேண்டியதில்லை. அதை அவன் ஒழுக்கம் என்று பேர் வைத்துக்கொண்டான். நமக்குப் பழகிய குரல்தான்.

ஆட்டத்துக்கு வருவோம். முதல் கோல் ஈட்டோனியன்ஸின் குட்ஹார்ட் போட்டது. இடைவேளைக்குப் பிறகு மேத்யூஸ் சமன் செய்தார். ஈட்டோனியன்ஸின் ஆர்தர் டன் அடிபட்டு வெளியேற, அவர்கள் பத்துப் பேரானார்கள். அது ஒலிம்பிக்குக்கு உதவியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆட்ட முறையும் வேறு. ஈட்டன்காரர்கள் ஆளுக்கு ஆள் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடினார்கள். இவர்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாகப் பந்தைக் கடத்தி எதிரியை ஓடவிட்டார்கள். 90 நிமிசம் முடிந்து கூடுதல் அரை மணி ஆட இரு தரப்பும் சம்மதித்தன. அதில் பஞ்சாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. அணித்தலைவர் ஆல்பர்ட் வார்பர்ட்டன், குழாய் வேலைக்காரர், கோப்பை இனி லண்டனுக்குத் திரும்பாது என்றார். அப்படியே ஆயிற்று. 1901இல் டாட்டன்ஹாம் ஜெயிக்கும்வரை எந்த லண்டன் அணியும் அதை வெல்லவில்லை. பழைய மாணவர் அணிகள் அதன் பிறகு இறுதிக்கே வரவில்லை.

அடுத்த வருசம் பிளாக்பர்னின் இன்னொரு அணியான ரோவர்ஸ் இறுதிக்கு வந்தபோது, கூட வந்த ஊர்மக்களைப் பார்த்து லண்டனின் பால் மால் கெஜட் பத்திரிகை, சூடான் அரபுகளை அவிழ்த்துவிட்டது மாதிரி இருக்கிறது என்று எழுதியது. சொந்த நாட்டு நெசவாளியை இழிவுசெய்யவும் அவர்களுக்குக் காலனியாக்க நினைத்த மக்களின் பெயர்தான் கைக்கு வந்தது.

1884இல் ஆட்டக்காரர்களுக்குக் கூலி தந்ததாக பிரெஸ்டன் அணி கோப்பையிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆமாம், தருகிறோம் என்று அதன் நிர்வாகி சடெல் பகிரங்கமாகவே சொன்னார். வடக்கத்தி அணிகள் தனிச் சங்கம் வைப்போம் என்று மிரட்டின. 1885 ஜூலையில் சங்கம் இறங்கிவந்து, சம்பளத்துக்கு ஆடுவதைச் சட்டபூர்வமாக்கியது.

அந்த வெற்றி ஒலிம்பிக்கைக் காப்பாற்றவில்லை. சம்பளம் வந்ததும் அதிகக் காசுள்ள ரோவர்ஸோடு அதனால் போட்டியிட முடியல. 1888இல் பன்னிரண்டு அணிகளோடு லீக் தொடங்கியபோது ரோவர்ஸுக்கு இடமிருந்தது, ஒலிம்பிக்குக்கு இல்லை. 1889இல் அணி கலைந்தது. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினவர்களின் கோப்பை அது ஒன்றுதான்.

தோற்ற கின்னெர்ட் 1890இல் சங்கத்தின் தலைவரானார். 1923இல் சாகும்வரை அவர்தான் தலைவர். ஒலிம்பிக் தூக்கிப்போன அந்த முதல் கோப்பை 1895இல் பர்மிங்ஹாமில் ஒரு கடை ஜன்னலிலிருந்து திருடுபோய்விட்டது. அதற்குப் பதிலாகச் செய்த இரண்டாவது கோப்பையை, புதுக் கோப்பை செய்ய முடிவானபோது, சங்கம் கின்னெர்டுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டது.