நியாயமான விலை எது?

மதிப்பு என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். பெரியோரை மதிக்கிறோம், பொருளுக்கும் விலை மதிக்கிறோம். முன்னதற்கு உள்ளம் போதும். பின்னதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்லுவேன். ஒரே பொருளுக்கு நேர்மையுள்ள மூவர் மூன்று விலை சொல்லக்கூடும். மூவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கக்கூடும். இதனைச் சென்னை நகரின் மின்சார வரலாற்றைக் கொண்டு மாணவர்களுக்கு விளக்குவதே என் நோக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு ஒரு பெரும் அதிர்ச்சி நேர்ந்தது. அர்பத்நாட் கம்பெனி என்பது இந்நகரில் புகழ்பெற்ற வெள்ளையர் வாணிக நிறுவனம். அதில் பணம் போட்டால் அது கோட்டைக்குள் இருப்பதற்குச் சமம் என்று மக்கள் நம்பியிருந்தனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அந்நிறுவனம் கதவடைத்தது. ஏடுகளில் இருந்த சொத்து வேறு, கைக்கு வரக்கூடிய சொத்து வேறு என்பதைப் பணம் போட்டவர்கள் அன்று அறிந்தனர். கடன்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் முன்னின்றவர் மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது; அவர் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்க் தோன்றியது. கணக்கேட்டில் எழுதிய எண்ணை அப்படியே நம்பலாகாது என்பது அக்காலச் சென்னைவாசிகள் பெரும்பொருள் இழந்து கற்ற பாடம்.

அதே காலத்தில்தான் மின்சாரமும் நகருக்குள் வந்துகொண்டிருந்தது. 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல் சென்னையில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. பின்னர் லண்டனிற் பதிவு பெற்ற மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன் என்னும் கம்பெனி லைசென்ஸ் பெற்று, பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் நடத்தி, நகருக்கு மின்சாரம் விற்றது. 1920-களில் மாம்பலத்தின் ஏரி நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. அடையாற்றின் தென்கரையிலும் பின்னர் வீடுகள் பெருகின. நகரம் தெற்கே வளர வளர மின்கம்பிகளும் அதனைத் தொடர்ந்து நீண்டன. எண்ணெய் விளக்கு இருந்த வீட்டில் மின்விளக்கு எரிந்தது. கம்பெனிக்கு லாபம் வந்தது. மக்களுக்கு வசதி வந்தது.

ஆயினும் மின்சாரக் கம்பெனி மற்றக் கடைகளைப் போன்றதன்று. அரிசிக் கடை நமக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குச் செல்கிறோம். ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனிக் கம்பம் நட்டுப் போட்டியிடுவது வீண் செலவு. ஆகவே ஒருவருக்கே உரிமை கொடுத்தார்கள். உரிமை கொடுத்த அரசாங்கம் அதற்கு ஓர் எல்லையும் வைத்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் அத்தொழிலை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும் அதிகாரத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. இந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1870-ஆம் ஆண்டின் டிராம் சட்டமும், 1882-ஆம் ஆண்டின் மின்விளக்குச் சட்டமும் இருபத்தோராண்டுக்குப் பின் வாங்கலாம் என்றன. அவ்வளவு குறுகிய காலத்திற்கு முதல் போட மக்கள் தயங்கினர். ஆகவே 1888-இல் மின்சாரத்திற்கு அக்காலத்தை நாற்பத்திரண்டு ஆண்டாக நீட்டினார்கள்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. வாங்கும்போது எந்த விலைக்கு வாங்குவது?

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானாகக் கற்பித்த கணக்கு. ஒரு மின்சாரக் கம்பெனி பத்து லட்ச ரூபாய் செலவழித்து இயந்திரமும் கம்பியும் அமைத்தது. ஆண்டுதோறும் தேய்மானம் கழித்ததில் நான்கு லட்சம் குறைந்தது. கணக்கேட்டில் எஞ்சிய மதிப்பு ஆறு லட்சம். அதன் ஆண்டு லாபம் ஐம்பதினாயிரம். நூற்றுக்கு ஐந்து வருமானம் போதும் என்று எண்ணும் ஒருவர் இந்த லாபத்தைப் பெறப் பத்து லட்சம் கொடுக்கச் சம்மதிப்பார். கம்பெனிக்குப் பத்து ரூபாய்ப் பங்குகள் எண்பதாயிரம் உண்டு. அங்காடியில் ஒரு பங்கு ஒன்பது ரூபாய்க்கு விற்கிறது. பங்குகளின் மொத்த விலை ஏழு லட்சத்து இருபதாயிரம். உலகப் போருக்குப் பின் இயந்திர விலை ஏறிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அதே நிலையத்தை இன்று புதிதாகக் கட்டப் பதினைந்து லட்சம் ஆகும். ஆறா, ஏழேகாலுக்குச் சற்றுக் குறைவா, பத்தா, பதினைந்தா? கம்பெனியோ ஒன்றே. விலையோ நான்கு.

எடின்பரோ நகரின் டிராம் கம்பெனியை நகரசபை வாங்கியபோது இவ்வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை சென்றது. அந்நாளைய மதிப்பு என்று சட்டம் சொல்லியிருந்தது. எதிர்கால லாபத்தையும் சேர்த்தே மதிக்க வேண்டும் என்றது கம்பெனி. 1894-இல் தீர்ப்பு வந்தது. அமைப்பதற்கு ஆகும் செலவில் தேய்மானம் கழித்தால் வருவதே மதிப்பு, லாபத்தைக் கூட்டலாகாது என்று பிரபுக்கள் முடிவு செய்தனர்.

நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய மின்சாரச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. அதன் ஏழாம் பிரிவு, வாங்கும் நாளில் நிலவும் நியாயமான சந்தை மதிப்பே விலை என்றது. நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் நிலைமையையும் பழுதையும் கருத வேண்டும். அவை உடனே இயங்கத் தயாராக இருக்கின்றன என்பதையும் கருத வேண்டும். ஆனால் நற்பெயருக்கும், வந்த லாபத்திற்கும், வரக்கூடிய லாபத்திற்கும் விலை சேர்க்கலாகாது. இதன் மேல் லைசென்ஸில் குறித்தபடி நூற்றுக்கு இருபதுக்கு மிகாத ஒரு தொகையைக் கூட்டிக் கொடுக்கலாம். உடன்பாடு இல்லையேல் நடுவர் தீர்ப்பு.

உடனே இயங்கத் தயார் என்னும் அந்தச் சிறு தொடரை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சென்னை டிராம் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நின்றுபோயிற்று. ஓடும் வண்டிக்குக் கீழே கிடக்கும் தண்டவாளம் தொழிலின் ஓர் உறுப்பு. வண்டி நின்றபின் அது இரும்புத் துண்டு. எடை மாறவில்லை, நீளம் மாறவில்லை, மதிப்பு மட்டும் மாறிவிட்டது. பொருளின் மதிப்பு அப்பொருளுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை, அது செய்யும் பணியிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமோ?

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், நாடு விடுதலை பெற்ற இரண்டே வாரங்களில், சென்னை மின்சாரக் கம்பெனி மாகாண அரசாங்கத்தின் கைக்கு வந்தது. விலை கொடுத்து முடிந்ததும் விவகாரம் முடிந்துவிடவில்லை. தேய்மானம் கழித்த ஏட்டு மதிப்பைவிட மிகுதியாகப் பெற்ற தொகைக்கு வரி உண்டா என்று இங்கிலாந்தில் வருமான வரி அதிகாரிகளுக்கும் கம்பெனிக்கும் வழக்கு மூண்டது. பேசின் பிரிட்ஜில் ஓடிய இயந்திரத்தின் மதிப்பு லண்டனில் வாதத்திற்கு உரியதாயிற்று. முடியரசு என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் ஆகுமா என்னும் விசித்திரமான வினாவும் அதில் எழுந்தது. ஆகும் என்றே 1955-இல் பிரபுக்கள் சபை கருதியது. இன்றும் சட்ட மாணவர்கள் அவ்வழக்கைப் படிக்கின்றனர்.

மாகாணத்தின் மற்ற ஊர்களில் இருந்த மின்சாரக் கம்பெனிகளை வாங்குவதற்கென 1949-இல் சென்னைச் சட்டசபை தனிச் சட்டம் இயற்றியது. ராஜமகேந்திரபுரத்துக் கம்பெனி அதனை எதிர்த்தது. நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரமே மாகாணத்திற்கு அன்று இருந்தது. நடந்துகொண்டிருக்கும் வாணிபத்தை எடுக்கும் அதிகாரம் இல்லை என்று 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் சென்னை அரசாங்கம் புதிய சட்டம் கொண்டுவந்தது. மேற்கு ராமநாதபுரம் மின்விநியோகக் கம்பெனி அதனையும் எதிர்த்து வழக்காடிற்று. 1962-இல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நஷ்ட ஈட்டை எவ்வாறு கணக்கிடுவது என்பதற்கு அச்சட்டம் ஒன்றல்ல, மூன்று அடிப்படைகளை வகுத்திருந்தது. சட்டம் செய்தவர்களே ஓர் அளவுகோல் போதாது என்று உணர்ந்திருந்தார்கள் என்பதே இதன் கருத்து.

மின்சாரக் கம்பெனியிடம் இயந்திரம் மட்டும் இருப்பதில்லை. பணச் சொத்தும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டம், எதிர்பாராச் செலவுக்கென ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நிதி சேர்க்க வேண்டும் என்றும், அதனை டிரஸ்டு சட்டம் அனுமதிக்கும் பத்திரங்களில் முதலிட வேண்டும் என்றும் விதித்தது. கம்பெனியை வாங்குபவருக்கு அந்நிதியையும் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பத்திரத்தின் மதிப்பு என்ன? நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு மூன்றரை ரூபாய் வட்டி தரும், முதலைத் திருப்பித் தரும் நாள் குறிக்காத ஒரு கடன் பத்திரத்தைக் கம்பெனி நூறு ரூபாய்க்கு வாங்கியது என்போம். பின்னர் உலகில் வட்டி உயர்ந்து, பணம் உடையோர் நான்கு சதவிகிதம் எதிர்பார்க்கிறார்கள். மூன்றரை ரூபாய் வருமானத்திற்கு இனி எண்பத்தேழரை ரூபாய்க்கு மேல் எவரும் கொடுக்கமாட்டார். பத்திரம் கிழியவில்லை, வட்டியும் தவறவில்லை. ஆயினும் பன்னிரண்டரை ரூபாய் மறைந்தது. வாங்கிய விலையை ஏட்டில் அப்படியே வைத்திருக்கும் கணக்கர் பொய் சொல்லவில்லை; உண்மை முழுவதையும் சொல்லவுமில்லை.

இன்று உலகின் பல நாடுகளில் கணக்கர்கள் இதற்கு ஒரு பொது முறை வகுத்திருக்கின்றனர். 2011-இல் வெளியாகி 2013 முதல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கணக்கியல் விதி ஒன்று உண்டு. இந்தியாவிலும் 2015-இல் அதற்கு ஒத்த விதி அறிவிக்கப்பட்டது. சந்தையில் ஒழுங்காகக் கொடுக்கல் வாங்கல் செய்வோரிடையே, குறித்த நாளில், ஒரு சொத்தை விற்றால் கிடைக்கும் விலையே நியாய மதிப்பு என்பது அதன் சாரம். அதனை அறிய மூன்று படிகள் உள்ளன. அதே பத்திரம் அங்காடியில் நாள்தோறும் கைமாறினால் அந்த விலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இது முதற்படி. அதற்கு விலை இல்லாவிடினும், அதைப் போன்ற பத்திரத்தின் விலையோ வட்டி விகிதமோ கண்ணுக்குத் தெரிந்தால் அதைக்கொண்டு கணிக்கலாம். இது இரண்டாம் படி. இரண்டும் இல்லையேல், நாமே சில அனுமானங்கள் செய்து கணிக்க வேண்டும். இது மூன்றாம் படி. கீழ்ப்படிக்கு இறங்க இறங்க ஊகம் கூடுகிறது. ஆகவே எந்தப் படியில் நின்று மதித்தோம், என்ன அனுமானம் செய்தோம் என்பதைக் கம்பெனி வெளிப்படையாக எழுத வேண்டும். அனுமானம் செய்வது குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம்.

இவ்வளவும் கணக்கர்களின் கவலைதானே, நமக்கென்ன என்று மாணவர்கள் கேட்கலாம். அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்கு விடை கூறும். ரயில், மின்சாரம் போன்ற பொதுச்சேவைக் கம்பெனிகளின் கட்டணம், அவற்றின் சொத்தினுடைய நியாய மதிப்பின் மீது நியாயமான வருமானம் தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1898-இல் கூறியது. கேட்கும்போது இது இனிதாகவே இருக்கிறது. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். கட்டணம் கூடினால் லாபம் கூடும். லாபம் கூடினால் கம்பெனியின் மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் கட்டணத்தைக் கூட்டலாம். செக்கு மாடு போல வாதம் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வருகிறது. 1944-இல் அதே நீதிமன்றம், மதிப்பை அளந்த முறையைவிட முடிவில் விதித்த கட்டணம் நியாயமானதா என்பதையே பார்க்க வேண்டும் என்று வழியை மாற்றிக்கொண்டது.

இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது. மதிப்பை மிகுத்தால் விளக்கெரிக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் அதற்கு விலை கொடுக்கிறது. குறைத்தால், சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கியவர் நஷ்டமடைகிறார். அடுத்த தொழிலுக்கு முதல் போட மற்றவரும் அஞ்சுவார். அரசாங்கம் வாங்கும்போது கொடுக்கும் பணமும் மக்களின் வரிப்பணமே. ஆக, நியாயமான விலை என்பது ஒரு கம்பெனியின் ஏட்டில் உறங்கும் எண் அன்று. அது ஒரு தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை எந்த நிபந்தனையில் பெற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றிய உடன்படிக்கை.

1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் தோன்றியது. பழைய கம்பெனிகள் மறைந்தன. வாரியமும் பின்னர்ப் பல கம்பெனிகளாகப் பிரிந்தது. பெயர்கள் மாறினும் கேள்வி மாறவில்லை. ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை உங்கள் கைக்கு வருமாயின், மொத்தத் தொகையைப் பார்த்து வியக்க வேண்டா. இந்த எண் எவ்வாறு கிடைத்தது, யார் மதித்தார்கள், எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேளுங்கள். அர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் இக்கேள்விகளை உரிய காலத்தில் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் கல்விச்சாலையிலேயே தொடங்குமானால், வருங்காலச் சென்னை அத்தகைய பாடத்தை மறுமுறை விலைகொடுத்துக் கற்க வேண்டியிராது.