கொடிமரத்தில் ஏறிய கணக்கு

திருகோணமலைக்கு வரும் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் புகுந்து, ஓஸ்டன்பேர்க் முனையைச் சுற்றித்தான் உட்துறைமுகத்தை அடைய முடியும். கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன், கப்பலும் கப்பலும், கப்பலும் கரையும் தொலைவில் நின்று பேசிக்கொள்ளப் பகலில் இருந்த முதன்மையான வழி கொடி. ஒரு பெட்டிக்குள் அடங்கும் சில துணிகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான செய்திகளை எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு மாலுமிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விடை தேடினார்கள். உயர்தர வகுப்பில் வரிசைமாற்றம், சேர்மானம், நிகழ்தகவு என்று படிக்கப்படும் பாடத்தின் அடிப்படைகள் பெரும்பாலும் அந்தத் தேடலுக்குள்ளேயே இருக்கின்றன. வெவ்வேறு நிறக் கொடிகள் ஐந்தைக் கொண்டு எத்தனை சைகைகள் தரலாம் என்ற பழகிப்போன பாடநூல் வினா கரும்பலகைக்காகப் புனையப்பட்டதல்ல. அது துறைமுகத்திலிருந்து வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் போர்க்கப்பல்களின் கொடிக்கு நிறம் மட்டும் பொருள் தரவில்லை. அது எந்தப் பாய்மரத்தில், எந்த இடத்தில் தொங்குகிறது என்பதும் பொருளின் பாதியாக இருந்தது. முன்மரத்து உச்சியில் ஏறிய சிவப்புக்கு ஒரு கட்டளை, பின்மரத்தில் ஏறிய அதே சிவப்புக்கு வேறொன்று. 10 கொடிகளும் 6 இடங்களும் இருந்தால் 10 × 6 = 60 சைகைகள். எண்ணுதலின் முதல் விதியான பெருக்கல் விதி இதுதான். ஆனால் இடத்தை நம்பிய முறைக்கு ஒரு பெரிய ஆபத்து இருந்தது. பீரங்கிக் குண்டு ஒரு மரத்தை முறித்துவிட்டால், அந்த மரத்துக்குரிய கட்டளைகள் எல்லாம் மரத்தோடு விழுந்துவிடும்.

இதற்கு மாற்றுவழி சொன்னவர்களுள் முந்தியவர் இந்தியப் பெருங்கடலில் வாழ்ந்தவர். மொரிசியஸ், ரெயூனியன் தீவுகளின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மாஹே டி லா பூர்டொனே 1738இல் பத்துக் கொடிகளுக்கு 0 முதல் 9 வரையான இலக்கங்களைக் கொடுத்தார். கொடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குரிய கட்டளையைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எந்த மரத்தில் கட்டினாலும் எண் மாறாது. இடத்தைக் கைவிட்டு வரிசையைப் பிடித்த அந்த எண்ணத்தைப் பெரும் கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் பிரெஞ்சுக் கடற்படை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இதே லா பூர்டொனே 1746இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பல்களோடு மோதினார். அந்த மோதலுக்குப் பின் ஆங்கிலத் தளபதி பெய்ட்டன் கப்பல்களைச் செப்பனிட ஒதுங்கிய துறை, அன்று ஒல்லாந்தர் கையிலிருந்த திருகோணமலை.

பழைய சைகை முறையின் குறை 1782இல் இந்தக் கடலிலேயே வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். துறைமுகத்தை மீட்க ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் 12 போர்க்கப்பல்களோடு வந்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் சுஃப்ரேன் 14 கப்பல்களோடு வெளியே வந்து எதிர்கொண்டார். எதிரியை மிக நெருங்கிய பிறகே சுட வேண்டும் என்பது அவர் எண்ணம். தம் கப்பல்கள் நெருங்கும்படி கொடி ஏற்றி, கொடியின்மேல் கண் திரும்புவதற்காக ஒரு பீரங்கியை வெடிக்கச் செய்தார். அந்த ஒலியைச் சுடுவதற்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு அவருடைய கப்பலே சுடத் தொடங்கியது, மற்றவையும் தொடர்ந்தன. இன்னும் தொலைவில், வரிசை கலைந்த நிலையில் போர் தொடங்கிவிட்டது. பிறகு அவருடைய கப்பலின் நடுமரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டதாக எதிரி நினைத்துவிடக் கூடாது என்று, கப்பலைச் சுற்றிலும் பிரான்சின் வெள்ளைக் கொடிகளைத் தொங்கவிடச் சொன்னார். துறைமுகம் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் வெல்ல வேண்டிய போரை அவரால் வெல்ல முடியவில்லை. கீழ்ப்பட்டவர்களின் ஒத்துழையாமையும் அதற்குக் காரணம் என்றாலும், ஒரு சைகைக்கு இரண்டு பொருள் இருந்ததன் விலையை அன்று மாலுமிகள் உயிரால் கொடுத்தார்கள்.

எண் முறையை ஆங்கிலக் கடற்படையில் நிலைநிறுத்தியது 1790இல் ஹோ பிரபு வெளியிட்ட சைகைப் புத்தகம். அதன்மேல் சொற்களை ஏற்றியவர் அதே கடற்படையின் அதிகாரி ஹோம் பொப்பம். 1800இல் முதலில் வந்து, 1803இல் மீண்டும் அச்சான அவருடைய சொற்றொகுதியில் 1 முதல் 25 வரை எழுத்துகளுக்கு. அதற்கு மேலான எண்கள் முழுச் சொற்களுக்கு. இளமையில் இந்தியப் பெருங்கடலில் பணியாற்றிய ஆங்கிலத் தளபதி நெல்சன் 1805 ஒக்டோபர் 21 அன்று டிரபல்கார் கடற்போரில் ஏற்றிய, ‘ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வர் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது’ என்ற புகழ்பெற்ற செய்தி இந்தத் தொகுதியில் அமைந்தது. அவர் முதலில் விரும்பிய ‘நம்புகிறது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் தொகுதியில் இல்லை. எழுத்துக் கூட்டினால் எட்டு முறை கொடி ஏற்ற வேண்டும். ‘எதிர்பார்க்கிறது’ என்ற சொல்லுக்கு 269 என்ற எண் இருந்தது. ஒரே ஏற்றம் போதும். சைகை அதிகாரி அதையே பரிந்துரைத்தார். செய்தி எட்டு மூவிலக்க எண்களாகவும், கடைசிச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டிய நான்கு ஏற்றங்களாகவும், மொத்தம் 12 ஏற்றங்களில் முடிந்தது.

அந்த எட்டு எண்களில் ஒன்று 220. இங்கேதான் வரிசைமாற்றத்தின் நுட்பமான இடம் வருகிறது. கப்பலில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கொடிதான் இருக்கிறது என்றால் 2ஐ இரண்டு முறை காட்டுவது எப்படி? மீளாமல் அடுக்கினால் மூன்று கொடி ஏற்றங்கள் 10 × 9 × 8 = 720 மட்டுமே. மீள அனுமதித்தால் 10 × 10 × 10 = 1,000. இடையில் விடுபடும் 280 எண்களைக் காப்பாற்றப் ‘பதிற்கொடி’ என்ற ஒன்று தைக்கப்பட்டது. தனக்கென்று இலக்கம் இல்லாத அந்தக் கொடி, மேலே உள்ள கொடியை மீண்டும் சொல்லும். 220க்கு மேலே 2, நடுவே பதிற்கொடி, கீழே 0.

000 முதல் 999 வரை ஓர் எண்ணைக் குருட்டுத்தனமாக எடுத்தால் அதில் இலக்கம் மீள்வதற்கான நிகழ்தகவு 280/1,000, அதாவது 0.28. எட்டு எண்களில் சராசரியாக 2.24 எண்கள் மீளும் என எதிர்பார்க்கலாம். நெல்சனின் செய்தியில் ஒன்றுதான் மீண்டது. இது அரிதானதா? எதுவும் மீளாமலிருக்க நிகழ்தகவு 0.72இன் எட்டாம் அடுக்கு, ஏறத்தாழ 0.07. சரியாக ஒன்று மட்டும் மீள்வதற்கு ஏறத்தாழ 0.22. இரண்டையும் கூட்டினால் 0.30க்குச் சற்றுக் குறைவு. பத்தில் மூன்று தடவை நடக்கக்கூடியதை அரிது என்று சொல்ல முடியாது.

ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கணக்கைத் துணியில் தைப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய லீலாவதியில் அது இருந்தது. பத்துக் கைகளில் பத்து ஆயுதங்களைச் சிவன் எத்தனை விதமாக மாற்றி ஏந்தலாம் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு; விடை 36,28,800. நான்கு கை விஷ்ணுவுக்கு 24. துறைமுகத்தை அடுத்த சுவாமி மலையில் கோணேசரை வணங்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறு இல்லை. நான்கு கொடிகளை ஒரு கயிற்றில் மாற்றிக் கட்டும் வழிகளும் அதே 24தான்.

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை மீண்டும் கைப்பற்றினர். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை அவர்களே அங்கு இருந்தனர். துறையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதக்கிறது. அதே 1817இல் பிரெடரிக் மரியாட் வணிகக் கப்பல்களுக்கென ஒரு சைகைத் தொகுதியை வெளியிட்டார். அதுவரை போர்க்கப்பலின் உரிமையாக இருந்த கொடிமொழி சரக்குக் கப்பலுக்கும் வந்தது.

வரிசைமாற்றத்தின் கணக்கு முழு அழகோடு வெளிப்பட்டது 1857இல் பிரித்தானிய வணிகச் சபை வெளியிட்ட தொகுதியில். இலக்கங்களை விட்டு எழுத்துகளுக்கு மாறிய அதில் 18 கொடிகள். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் வேண்டுமென்றே விலக்கப்பட்டன. கொடிகள் தற்செயலாகச் சேர்ந்து ஏதாவது ஒரு மொழியில் தகாத சொல்லாகிவிடக் கூடாது என்பதே காரணம். கடைசி மூன்று எழுத்துகளும் சேர்க்கப்படவில்லை. ஓர் ஏற்றத்தில் எந்தக் கொடியும் மீளாது. இரண்டு கொடிகளில் 18 × 17 = 306; மூன்றில் 18 × 17 × 16 = 4,896; நான்கில் அதை 15ஆல் பெருக்க 73,440. மொத்தம் 78,642 சைகைகள். பதினெட்டுத் துணிகளுக்கு இது வியக்கத்தக்க விளைச்சல்.

சேர்மானம் எங்கே வேறுபடுகிறது என்பதும் இங்கேயே தெரிகிறது. பெட்டிக்குள்ளிருந்து நான்கு கொடிகளை எடுப்பது மட்டும் வேலை என்றால் வரிசை பொருட்டல்ல. அதற்கு 73,440ஐ 24ஆல் வகுத்த 3,060 வழிகள். கையில் இருக்கும்வரை அது ஒரு சேர்மானம். கயிற்றில் கட்டி ஏற்றியதும் வரிசைமாற்றம். சரியான நான்கு கொடிகளை எடுத்தும் கட்டும் வரிசையை ஒருவர் மறந்து, தோன்றியபடி கட்டினால், செய்தி சரியாக அமைய நிகழ்தகவு 1/24. இரண்டு கொடிகள் என்றால் 1/2.

அவசரச் சைகைகளை இரண்டு கொடிகளில் வைத்ததன் பயனை இது ஓரளவு விளக்குகிறது. வடகீழ்ப் பருவமழை மறைக்கும் வேளையில் ஒரு கொடியைச் சரியாக அடையாளம் காண நிகழ்தகவு 0.95 என்று கொள்வோம். ஒரு கொடியின் தவறு மற்றொன்றைப் பாதிக்காது என்றும் கொள்வோம். இரண்டு கொடிகளையும் சரியாகப் படிக்க 0.95 × 0.95, ஏறத்தாழ 0.90. நான்குக்கு 0.81. ஏற்றம் நீளும்தோறும் சொல்லக்கூடியவை பெருகுகின்றன, சரியாகச் சென்றடையும் உறுதி குறைகிறது.

1901 முதல் 26 எழுத்துகளுக்கும் கொடிகள் வந்தன. மீளாமல் நான்கு கொடி வரை ஏற்றினால் 26 + 650 + 15,600 + 3,58,800 = 3,75,076. அடுத்த பெரிய திருத்தம் 1934இல் நடைமுறைக்கு வந்தபோது வணிகக் கப்பல்களுக்கும் மூன்று பதிற்கொடிகள் கிடைத்தன. முதலாவது, மேலிருந்து முதற் கொடியை மீட்டுச் சொல்லும், இரண்டாவது இரண்டாவதை, மூன்றாவது மூன்றாவதை. இந்த மூன்றும் இருந்தால் நான்கு எழுத்துக்கு எந்த மீள்வும் சாத்தியம்; நான்கும் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம். நான்கு எழுத்து ஏற்றங்கள் 26இன் நான்காம் அடுக்கான 4,56,976 ஆயின. மூன்று துணிகளைச் சேர்த்ததில் கிடைத்த கூடுதல் 98,176.

இப்போது வழக்கிலுள்ள பன்னாட்டுத் தொகுதி 1965இல் ஏற்கப்பட்டு 1969இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துக்கு 26, இலக்கத்துக்கு 10, பதில் 3, மறுமொழிக்கு 1 என ஒரு கப்பலின் பெட்டியில் 40 கொடிகள். சி தனியே ஏறினால் ‘ஆம்’, என் தனியே ஏறினால் ‘இல்லை’. என் மேலும் சி கீழுமாக ஏறினால் ‘ஆபத்தில் இருக்கிறோம், உடனே உதவி வேண்டும்’. திருகோணமலையின் சீனக்குடாவில் எண்ணெய் இறக்கும் கப்பல் சிவப்பான பி (B) கொடியை ஏற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், தன்னில் நோயில்லை, துறைக்குள் வர அனுமதி வேண்டும் என்று கேட்பது மஞ்சள் நிறக் கியூ கொடியால்.

கப்பலின் அழைப்புப் பெயரும் கொடியாகும். இலங்கைக்குப் பன்னாட்டு அழைப்புக் குறியாக ஒதுக்கப்பட்டது 4பி (4P) முதல் 4எஸ் (4S) வரை. நான்கு குறிகளில் அமையும் பெயரில் முதலாவது எப்போதும் 4. இரண்டாவது இடத்துக்கு நான்கு எழுத்துகள். கடைசி இரண்டுக்கும் தலா 26. ஆக 4 × 26 × 26 = 2,704 பெயர்கள். அவற்றுள் எழுத்து மீளாதவை 4 × 25 × 24 = 2,400. மீதி 304 பெயர்களை ஏற்ற மட்டுமே பதிற்கொடி வேண்டும்.