எட்டு விநாடிக் கணக்கு

"ஒரு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கிறது..." என்று தொடங்கும் கணக்கைப் போடாத மாணவர் யாரும் இருக்க முடியாது. அந்த ரயிலில் யார் போகிறார்கள், தாமதமானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று புத்தகம் சொல்வதில்லை. அதனால்தான் பலருக்கு விடை மேல் அக்கறை வருவதில்லை. அதே கணக்கு ஒரு மனிதனின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தால்? பிரான்ஸ் நாட்டின் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தய வரலாற்றில் இப்படிப்பட்ட கணக்குகள் நிறைய உண்டு.

இந்தப் பந்தயம் 1903-இல், ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. மொத்தம் 6 கட்டங்கள், 2,428 கி.மீ. வென்ற மொரீஸ் காரின் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 94 மணி 33 நிமிடம். வகுத்துப் பாருங்கள், சராசரி வேகம் மணிக்கு 25.7 கி.மீ. வரும்.

அடுத்த ஆண்டே ஏமாற்று வேலைகள் தலைகாட்டின. சில வீரர்கள் ரயிலில் ஏறிப் போனதாகக்கூடப் புகார்! முதல் நான்கு இடம் பிடித்தவர்களும் நீக்கப்பட்டனர். ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்ரி கோர்னே வெற்றியாளர் ஆனார்.

இதன் பிறகு கணக்கு முறையே மாறியது. 1905 முதல் 1912 வரை நேரத்துக்குப் பதில் புள்ளிகள். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் இருந்தாலும், முந்தி வருபவருக்குக் குறைந்த புள்ளி, மொத்தத்தில் குறைந்த புள்ளி எடுத்தவருக்கு வெற்றி என்பதே அடிப்படை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு வீரர்கள், மூன்று கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு நிமிடம் முந்துகிறார். இரண்டாமவர் ஒரு கட்டத்தில் ஒரு மணி நேரம் முந்துகிறார். புள்ளிப்படி 1+1+2=4, 2+2+1=5. முதலாமவர் வென்றார்! நேரப்படி பார்த்தாலோ இரண்டாமவர் 58 நிமிடம் முன்னால் இருக்கிறார். ஓட்டம் ஒன்றுதான், எதை எண்ணுகிறோம் என்பதில் வெற்றியாளர் மாறிவிடுகிறார்.

1913-இல் நேர முறை திரும்பி வந்தது. அந்த ஆண்டே யூஜின் கிறிஸ்தோஃபுக்குச் சோதனை. தூர்மலே மலையிறக்கத்தில் அவரது சைக்கிளின் முன்பக்க ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைச் சுமந்து 10 கி.மீ.க்கு மேல் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே பழுது பார்த்தார். பிறர் உதவி கூடாது என்பது விதி. துருத்தி ஊதிய சிறுவனுக்காக அபராத நிமிடங்கள் வேறு! புள்ளி முறையாக இருந்தால், எத்தனை பேருக்குப் பின்னால் வந்தார் என்பதோடு நஷ்டம் நின்றிருக்கும். நேர முறையில் இழந்த சுமார் 4 மணி நேரமும் அப்படியே கணக்கில் ஏறியது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது 7-ஆம் இடம்.

இப்போது 1989-க்கு வருவோம். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனித்தனி ஓட்டம். பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் வெல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 2 விநாடிக்கு மேல் மிச்சப்படுத்த வேண்டும். முடியுமா?

லெமாண்ட் எடுத்தது 26 நிமிடம் 57 விநாடி. ஃபின்யோன் 27 நிமிடம் 55 விநாடி. வித்தியாசம் 58. அதில் 50 போக மீதி 8. ஏறக்குறைய 3,285 கி.மீ. ஓடிய பந்தயம் வெறும் 8 விநாடியில் முடிந்தது! வேகமாக மாற்றினால் லெமாண்டுக்கு மணிக்கு சுமார் 54.5 கி.மீ., ஃபின்யோனுக்கு 52.7 கி.மீ. இரண்டு கி.மீ.கூட வித்தியாசம் இல்லை.

ஓர் ஆசிரியர் இந்தக் கதையை "முடியுமா?" என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் 50, 24.5 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும். சூத்திரம் என்னவென்று மாணவர்களே கேட்பார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் சின்ன எண் எதற்கு என்ற கேள்விக்கு, அந்த எட்டு விநாடியில் தோற்ற ஃபின்யோனைவிட நல்ல பதில் கிடைக்காது.