காக்கி உடுத்திய காரம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மிளகுக்கு உள்ள மரியாதை மிளகாய்க்கு என்றுமே கிடைத்ததில்லை. மிளகை ஏலம் கூவி முன்பேர வணிகம் நடத்த 1957-லேயே அங்கு ஒரு சங்கம் வந்துவிட்டது. மிளகாயோ வந்தேறி. மிளகு வாங்க 1500-இல் கொச்சியில் நங்கூரம் போட்ட போர்ச்சுகீசியர் பிற்பாடு கப்பலில் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்கக் காய் அது. வந்த இடத்தில் எவ்வளவு சீக்கிரம் வேரூன்றியது என்றால், 1540-களில் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதைக் கள்ளிக்கோட்டை மிளகு என்றே எழுதிவைத்தார். பாவம், அவருக்கு அதன் பூர்வீகம் தெரியாது.

பூர்வீகத்தில் அது வெறும் சமையல் சாமானாக இருந்துவிடவில்லை. ஆஸ்டெக் மக்களின் வாழ்க்கையைப் படமாகத் தீட்டிய மெண்டோசா சுவடியில், சொன்ன பேச்சு கேளாத பதினொரு வயதுப் பிள்ளையை மிளகாய்ப் புகையின்மேல் பிடித்துத் தண்டிக்கிறார் தகப்பன். நம் வீடுகளில் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வந்ததா இல்லையா என்று பார்த்துத் திருஷ்டியை முடிவு செய்கிறோம். அந்த நெடியைக் குண்டுக்குள் அடைக்கலாம் என்று யாருக்காவது தோன்றியதில் வியப்பில்லை. அதற்கு முன் காரத்தைக் காயிலிருந்து பிரித்தாக வேண்டியிருந்தது.

அந்தப் பிரிக்கும் தொழிலில்தான் கொச்சி மறுபடி வருகிறது. 1972-இல் கொச்சியை அடுத்த கோலஞ்சேரி அருகே சி.வி. ஜேக்கப் சிந்தைட் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கமாலிப் பக்கமும் இத்தகைய ஆலைகள் உண்டு. காய்ந்த மிளகாயை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது கருஞ்சிவப்பான கெட்டிக் குழம்பு. அதுதான் ஓலியோரெசின். நிறம் வேண்டுமானால் பேடகி மிளகாய், காரம் வேண்டுமானால் குண்டூர்ச் சரக்கு. மூட்டை மூட்டையாக வந்த காரம் பீப்பாய்க்குள் அடங்கிவிடுகிறது. கொச்சியின் பீப்பாய்கள் நொறுக்குத்தீனிக்கும் நூடுல்ஸ் மசாலாவுக்கும் போகலாம். ஆனால் போலீஸ்காரர் இடுப்பில் தொங்கும் மிளகாய் ஸ்பிரேயில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான்.

இது உடம்பில் என்ன செய்கிறது என்பது 1997-இல்தான் தெளிவாயிற்று. டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்த டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பி, ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் அப்படியே விழிக்கும். நெருப்பே இல்லாமல் நெருப்பு என்று மூளை அலறுகிறது. காயமில்லாமல் ஆளை முடக்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த அறிவியல் தெளிவாகும் முன்பே, 1987-இல், அமெரிக்காவில் எஃப்பிஐ மிளகாய் ஸ்பிரேயை ஏற்றுக்கொண்டது. பிற காவல் துறைகள் அதைப் பார்த்து வாங்கின. இதற்கான ஆய்வை நடத்திய அதிகாரி தாமஸ் வார்டு, ஸ்பிரே தயாரிப்பு நிறுவனம் ஒன்றிடமிருந்து 57,500 டாலர் பெற்றதை 1996-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உயிர்க்கொல்லி அல்லாத ஆயுதம் என்றால், யாருக்கு, எவ்வளவு நேரம், எந்த அறைக்குள் என்று நான் கேட்பது இதனால்தான். ஆஸ்துமாக்காரருக்கும் ஆரோக்கியமான சிப்பாய்க்கும் ஒரே அளவு பொருந்தாது.

இந்தியாவில் மிளகாயை ஆயுதமாக்கும் வேலை அசாமில் நடந்தது. தேஜ்பூரில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் வடகிழக்கின் பூத் ஜோலோகியா மிளகாயை 2000-ஆம் ஆண்டிலேயே அளந்து உலகுக்குச் சொன்னது. 2007-இல், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி அது கின்னஸில் ஏறியது. 2010-இல் அதைக் கொண்டு கையெறி குண்டு செய்திருப்பதாக ராணுவத் தரப்பில் அறிவித்தார்கள். பதுங்கியிருப்பவர்களை மூச்சுத் திணறவைத்து வெளியே வரச்செய்வது நோக்கம்.

இங்கே சட்டம் ஒரு விசித்திரம் செய்கிறது. 1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத உடன்படிக்கையின்படி, கலவரத்தை அடக்கும் இத்தகைய பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்தக்கூடாது. சொந்த நாட்டில் சட்டம் ஒழுங்குக்குப் பயன்படுத்தலாம். எல்லைக்கு அப்பால் நிற்கும் எதிரிப் படைமேல் வீசக்கூடாததைத் தன் ஊர்த் தெருவில் நிற்பவர்மேல் வீசலாம். 2014 பிப்ரவரியில் அந்த நெடி மக்களவைக்குள்ளேயே வீசியது. தெலங்கானா மசோதா அமளியில் ஸ்பிரே அடித்தவர் விஜயவாடா உறுப்பினர் எல். ராஜகோபால். குண்டூர் பக்கத்து ஊர்தான்.

2016-இல் காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கியால் ஏராளமானோர் கண்ணை இழந்த பிறகு, மாற்று தேட உள்துறை அமைச்சகம் குழு அமைத்தது. கிடைத்த விடை ‘பாவா’ குண்டு. கேப்சைசினின் செயற்கை உறவினரான நோனிவமைடு அதன் சரக்கு. லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்திருந்தது. குவாலியர் அருகே தேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவு தயாரித்தது. செப்டம்பரில் முதல் ஆயிரம் காஷ்மீர் போய்ச் சேர்ந்தன. காய்க்குக் காய் காரம் மாறும் தொல்லை இதில் இல்லை. ஆகவே தோட்டமும் வேண்டாம், கோலஞ்சேரிப் பீப்பாயும் வேண்டாம். ஆனாலும் பெல்லட் துப்பாக்கி கிடங்குக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே டிஆர்டிஓ வடிவமைத்த பிளாஸ்டிக் குண்டுகள் காஷ்மீருக்கு அனுப்பப்பட்டன.