தைப்பிங் பட்டணம் வளர்ந்த கதை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டவுடன், ஒரு மாணவி என்னைக் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். சடக்கின் ஓரத்தில் நிற்கும் பெரிய மழைமரங்கள் கிளையைத் தாழ்த்தி ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அந்தப் பிள்ளை, "சார், இந்த ஊரை யாரு கட்டுனாங்க? நம்ம ஆளுங்களும் இருந்தாங்களா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இன்று நாம் சாமான் வாங்கப் போகும் இந்த டவுன், ஒரு காலத்தில் வெறும் காடும் சேறும்தான். 1840-களின் பிற்பகுதியில் லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவர் இங்கே ஈயம் இருப்பதைக் கண்டார். அவருடைய யானை காட்டில் காணாமற்போய்த் திரும்பி வந்தபோது அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈய மணல் இருந்தது என்று ஒரு கதை உண்டு. யானையின் பெயர் லாருட். வட்டாரத்துக்கும் அதே பெயர் வந்தது என்பார்கள். கதை எப்படி இருந்தாலும் ஈயம் உண்மை. ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள்.

பணம் வந்த இடத்தில் சண்டையும் வந்தது. கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு கூட்டத்தார் 1861-இல் மோதிக்கொண்டார்கள். எதற்காகத் தெரியுமா? சுரங்கத்துக்குப் போகும் ஒரு தண்ணீர் வாய்க்காலுக்காக! வாய்க்காலில் ஆரம்பித்த சண்டை விட்டு விட்டு 1874 வரை நீண்டது. எத்தனையோ உயிர்கள் போயின. 1874 ஜனவரி 20-ஆம் தேதி பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. சீனத் தலைவர்களும் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சம்மதித்தார்கள். அதன் பிறகுதான் இந்த ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வந்தது. சீன மொழியில் அதற்குப் பெரும் சமாதானம் என்று பொருள். அடித்துக்கொண்ட ஊருக்குச் சமாதானம் என்று பெயர் வைத்தார்களே, அதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சமாதானம் வந்ததும் ஊர் வளரத் தொடங்கியது. ஆனால் 1880-இல் பெரிய தீ பிடித்து, அத்தாப்புக் கூரைக் கடைகளும் வீடுகளும் எரிந்து போயின. ஊரார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. சடக்குகளை நேராகவும் அகலமாகவும் போட்டார்கள். செங்கல் கட்டடங்களை எழுப்பினார்கள். இன்று அந்தப் பழைய கடைத்தெருக்களில் நாம் நெருக்கடி இல்லாமல் நடக்கிறோம் என்றால் அந்தத் தீ கற்றுக்கொடுத்த பாடமும் ஒரு காரணம்.

ஹியூ லோ என்பவர் 1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தார். அந்தக் காலத்தில்தான் பல வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1883-இல் பேராக் அரும்பொருளகம் தொடங்கப்பட்டது. நம் நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகம் அதுதான். ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் ஏரிப் பூங்காவாக மாறின. மாணவர்களே, நீங்கள் ஓடி விளையாடும் அந்த அழகான இடம், மனிதர்கள் மண்ணைச் சுரண்டிவிட்டுப் போட்ட குழிதான். கெட்டுப்போன இடத்தையும் நல்ல இடமாக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தோண்டிய ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக நல்ல வழி வேண்டியிருந்தது. அதற்காகத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை சுமார் 8 மைல் தூரத்துக்கு இரயில் பாதை போட்டார்கள். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அந்த வேலையைச் செய்தார்கள். 1885 ஜூன் 1-ஆம் தேதி இரயில் ஓடியது. இந்த நாட்டின் முதல் இரயில் பாதை அதுவே. பிறகு மலாய் மாநிலங்கள் எங்கும் தண்டவாளம் போட்டதிலும், சடக்குக்குக் கல் உடைத்ததிலும், சாக்கடை வெட்டியதிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்களின் கை பெருமளவில் இருந்தது. தைப்பிங்கின் மழை உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டும். அந்த மழையில் நனைந்துகொண்டு வேலை செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பட்டணத்துக்கு வசதிகள் வந்த வேகத்தில் லயத்துக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்ற சட்டம் முதல் இரயில் ஓடிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. ஆகவே, பெற்றோர்களே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஒரு நாள் நிறுத்தும்போது, இந்தப் பள்ளி எவ்வளவு தாமதமாக நமக்குக் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1937-இல் பேராக்கின் தலைநகரம் ஈப்போவுக்கு மாறியது. ஈயமும் குறைந்துகொண்டே போனது. தைப்பிங் அழிந்துவிட்டதா? இல்லை. பதவி போனாலும் பூங்காவும் பள்ளிகளும் சந்தையும் நிலைத்தன. எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, பதவி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். செஞ்ச வேலைதான் நிக்கும்," என்பார். தைப்பிங்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்று தோன்றுகிறது.

போர்ட் வெல்ட் இன்று கோலா செபத்தாங் எனப்படுகிறது. அந்தத் தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அங்கே போனால் சற்று நின்று பாருங்கள். மற்ற எழுத்துகளோடு நம் தமிழ் எழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கும். அந்தப் பலகையைத் தமிழில் படிக்கக்கூடியவர்கள் அந்தப் பாதையில் இருந்தார்கள், அதனால்தான் எழுதினார்கள்.

அன்று என்னைக் கேட்ட பிள்ளைக்கு இதுதான் என் பதில்: "ஆமாம்மா, நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. மலாய்க்காரர், சீனர், நாம், எல்லாரும் சேர்ந்து கட்டுன ஊர் இது. டவுனுக்குப் போறப்ப விருந்தாளி மாதிரி ஓரமா ஒதுங்கி நிக்காதே. ஊரு உன்னோடதும்தான். குப்பையை வாய்க்கால்ல போடாம, நல்லாப் படிச்சு, நாளைக்கு நீயும் இந்த ஊருக்கு ஏதாவது செய்."