கொடுக்கிறேன்: சகேயுவின் நிகழ்காலமும் மனந்திரும்புதலின் கணக்கும்

லூக்கா 19:8இல் எரிகோவின் ஆயக்காரர் தலைவனான சகேயு பேசும் வாக்கியத்தின் இரண்டு முதன்மை வினைமுற்றுகளும் கிரேக்க மூலத்தில் நிகழ்காலத்தில் நிற்கின்றன. இந்த ஒரு செய்தியை அடித்தளமாகக் கொண்டு, கடந்த சில பத்தாண்டுகளில் ஓர் ஆய்வுப்போக்கு வலுப்பெற்றிருக்கிறது. அதன்படி சகேயு மனந்திரும்பியவன் அல்லன். ஊரார் சுமத்திய பழியை மறுத்துத் தன் வழக்கத்தை எடுத்துச் சொல்பவன். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதும், யாரிடமாவது தவறாக வாங்கியது தெரியவந்தால் நான்கு மடங்காகத் திருப்புவதும் அவன் ஏற்கெனவே செய்துவரும் காரியங்கள். இயேசு அவனுக்கு மன்னிப்பு அளிக்கவில்லை. முணுமுணுத்த கூட்டத்தின் முன் அவனை நேர்மையாளன் என்று நிலைநாட்டினார். இதுவே அந்த வாசிப்பு.

அதில் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. தொழிலைப் பார்த்து ஆளை எடைபோடும் கூட்டத்தின் பக்கம் நாமும் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலை அது. அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் வசனம் அந்த வாசிப்புக்கு இடம் கொடுக்கவில்லை என்பதே என் முடிபு. கேள்வி ஒரு வினைமுற்றின் காலத்தோடு முடிவதும் இல்லை. சகேயுவை நிரபராதி ஆக்கினால், பாவத்துக்குக் கணக்கு ஒப்புவித்தல் எப்படியிருக்கும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் கிடைக்கும் மிகத் தெளிவான காட்சியை இழந்துவிடுவோம்.

முதலில் அந்த நிகழ்காலம். இந்த விவாதத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. பற்று வைத்திருக்கும் கடையில் நின்று ஒருவர், "வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன், அண்ணாச்சி" என்கிறார். வினை நிகழ்காலம், பொருள் எதிர்காலம், கேட்பவருக்கு அது வாக்குறுதி. அதே ஆள் "மாதாமாதம் ஐந்தாம் தேதி வட்டி கட்டுகிறேன்" என்றால் அது வழக்கம். இரண்டிலும் விகுதி ஒன்றுதான். வாக்குறுதியா, வழக்கமா என்பதை முடிவு செய்வது உடன் வரும் சொற்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் தம்முள் மாறி வரலாம் என்று நன்னூல் விதித்திருப்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். கிரேக்க நிகழ்காலமும் இப்படி இருதலையும் தாங்கக்கூடியதே. எனவே 'நிகழ்காலம், ஆகவே வழக்கம்' என்பது வாதம் ஆகாது. உடன் வரும் சொற்களைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், லூக்கா முந்தைய அதிகாரத்திலேயே ஓர் ஒப்புமையை வைத்திருக்கிறார். 18:12இல் ஆலயத்தில் நின்று ஜெபிக்கும் பரிசேயன் தன் வழக்கத்தை நிகழ்காலத்தில்தான் சொல்கிறான். ஆனால் அங்கே 'வாரத்தில் இருமுறை' என்ற கால அளவு இருக்கிறது. தசமபாகம் செலுத்துவது அவன் சம்பாதிப்பதில், அதாவது வந்துகொண்டே இருக்கும் வருமானத்தில். சகேயுவின் வாக்கியத்தில் கால அளவு எதுவும் இல்லை. பாதி எதில் என்றால் வருமானத்தில் அல்ல, 'ஹுபார்கொந்தா' என்ற உடைமையில். கையிருப்பாக உள்ள சொத்தில். வருமானத்தில் பத்தில் ஒன்றை ஒருவர் வாழ்நாள் முழுதும் கொடுக்கலாம். சொத்தில் பாதியை வழக்கமாகக் கொடுக்க முடியாது. நான்கு முறை கொடுத்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் 19:2 அவனை இன்னும் ஐசுவரியவான் என்றே சொல்கிறது.

வாக்கியத்தின் முதற்சொல் 'இதூ', 'இதோ'. 24:49இல் உயிர்த்தெழுந்த இயேசு பிதாவின் வாக்குத்தத்தத்தைச் சீடர்கள்மேல் அனுப்புவதைப் பற்றிப் பேசும்போதும் இதே 'இதோ'வுடன் நிகழ்கால வினை வருகிறது. அது நிறைவேறுவது அப்போஸ்தலர் 2இல். 'இதோ'வும் நிகழ்காலமும் சேர்ந்து உறுதியான எதிர்காலத்தைத் தருவதற்கு அதே ஆசிரியரின் அதே நூலில் சான்று இருக்கிறது. 13:32ஐயும் சிலர் சேர்ப்பார்கள். அங்கே பேய்களைத் துரத்தும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதால், அதை நான் சான்றாக எடுக்கவில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய பெயர்ப்பு 'கொடுக்கிறேன்' என்று விட்டிருக்கிறது. மூலத்தின் இருபொருள் அங்கே அப்படியே இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கொடுத்துவிடுகிறேன்' என்று 'விடு' என்னும் துணைவினையைச் சேர்த்தது. அந்தத் துணைவினை ஒரு தீர்மானத்தையும் முடிவையும் குறிப்பது. 'தினமும் கொடுத்துவிடுகிறேன்' என்று சொன்னாலொழிய அதில் வழக்கப்பொருள் ஏறாது. பெயர்ப்பாளர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். சரியான பக்கமே சாய்ந்தார்கள் என்பேன்.

அடுத்தது 'யாரிடமாவது பறித்திருந்தால்' என்னும் நிபந்தனை. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான் என்று கருதுகிறேன். ஆனால் அவர்களே இதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்பவன் ஏன் 'இருந்தால்' என்று சொல்ல வேண்டும்? இக்காலத்துப் பொது வருத்த அறிக்கைகளை நாம் அறிவோம். 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்பது ஒப்புதல் அன்று, நழுவல். சகேயுவும் நழுவுகிறானா?

இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவன் தேர்ந்தெடுக்கும் வினை. 'சுகோஃபாந்தேயோ' என்பது கணக்குப் பிசகிக் கூடுதலாக வாங்குவதைக் குறிக்காது. பொய்ப்பழி சுமத்தி, மிரட்டிப் பறிப்பதைக் குறிக்கும். லூக்கா 3:14இல் யோவான் ஸ்நானகன் போர்ச்சேவகரிடம் செய்ய வேண்டாம் என்று தடுப்பது இதைத்தான். நீதிமொழிகள் 14:31இன் கிரேக்கப் பெயர்ப்பில் ஏழையை ஒடுக்குகிறவனுக்கும் இதே வினை. தெரியாமல் மிரட்டிப் பறிப்பது என்று ஒன்று இல்லை. 'தெரியவந்தால் திருப்புகிறேன்' என்று எதிர்த்தரப்பு வாசிக்கும்போது, மூலத்தில் இல்லாத 'தெரியவந்தால்' என்னும் சொல்லைத் தாமே நுழைக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் அந்த நான்கு. தானாக வந்து குற்றத்தை அறிக்கையிடுபவனுக்கு நியாயப்பிரமாணம் விதித்தது மிகவும் இலகுவானது. லேவியராகமம் 6:1-5உம் எண்ணாகமம் 5:6-7உம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கின்றன. நான்கு மடங்கு யாருக்கு? ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கோ விற்றவனுக்கோ, யாத்திராகமம் 22:1. ரோமச் சட்டத்திலும், கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனுக்குப் பிரேத்தர் என்னும் நீதி அதிகாரியின் ஆணை விதித்தது நான்கு மடங்கு. அப்படியானால் சகேயு தன்னைத் தானாக வந்தவனின் சலுகைக்குள் நிறுத்தாமல், பிடிபட்டவனின் தண்டனைக்குள் நிறுத்துகிறான். நழுவுகிறவன் விலையைச் சொல்ல மாட்டான். இவன் விலையைச் சொல்கிறான். அதுவும் சட்டம் கேட்டதற்கு மேலாக.

இங்கே ஒரு கணக்கு குறுக்கே வருகிறது. பாதியை ஏழைகளுக்குக் கொடுத்த பின் மிஞ்சுவது பாதி. அதிலிருந்து நான்கு மடங்கு திருப்ப வேண்டுமென்றால், பறித்தது மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்பட முடியாது. மேற்பட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே அவன் பெரிய அளவில் பறித்தவன் அல்லன், ஏறக்குறைய நேர்மையானவன்தான் என்று அந்தத் தரப்பு முடிவுக்கு வரும். கணக்கு சரி. ஆனால் அது ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: நான்கு மடங்கு அவன் பறித்த அனைத்துக்கும் உரியது, பாதி என்பது அதற்குத் தொடர்பில்லாத தனித் தருமம்.

நான் மறுப்பது இந்த அனுமானத்தையே. வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் ஒரே கடனின் இரண்டு பகுதிகள் என்று வாசிக்கிறேன்.

எரிகோவின் ஆயத்துறையைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். யோர்தானைக் கடந்து மேற்கே எருசலேமுக்கு ஏறும் பாதை. கழுதையில் மூட்டையேற்றி வரும் ஒருவன் ஆயக்காரன் முன் நிற்கிறான். மூட்டை அவிழ்க்கப்படுகிறது. மதிப்பைச் சொல்வது ஆயக்காரன். மறுத்துப் பேசினால், சரக்கை மறைத்தான் என்ற பழி. கேட்டதைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு அவன் மலைப்பாதையில் மறைந்துவிடுகிறான். பெயர் பதியப்படவில்லை, அவன் திரும்பி வரப்போவதும் இல்லை. பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தப் பணத்தை யாரிடம் கொடுப்பது? உள்ளூர்க்காரர் சிலரின் முகம் நினைவிருக்கும். அவர்களுக்கு நான்கு மடங்கு கொடுக்கலாம். மற்றவர்களுக்கு?

இந்தச் சிக்கலை யூத மரபு அறிந்திருந்தது. பாபிலோனியத் தல்மூதின் பாபா கம்மா 94ஆ பகுதியில் மேற்கோளாக வரும் பழைய மரபுரை, மேய்ப்பர்களுக்கும் வரி தண்டுவோருக்கும் ஆயக்காரருக்கும் மனந்திரும்புதல் கடினம் என்கிறது. அவர்கள் அடையாளம் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு உரியதைப் பொதுத் தேவைகளுக்குச் செலவிட வேண்டும். குழிகளும் நீர்த்தொட்டிகளும் வெட்டுவது அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. எந்த வழிப்போக்கனிடம் பறித்தோமோ, அவனோ அவனைப் போன்றவனோ ஒருநாள் அந்தத் தண்ணீரைக் குடிப்பான் என்பது அதன் நியாயமாக இருக்கலாம்.

தல்மூது தொகுக்கப்பட்டது லூக்காவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தி என்ற தடை உடனே எழும். தேதியைப் பொறுத்தவரை அது சரி. லூக்கா இந்த மரபுரையை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் வேர் மிகப் பழையது. எண்ணாகமம் 5:8, அநீதி இழைக்கப்பட்டவனும் அவனுடைய உறவினனும் இல்லாதபோது ஈட்டுத்தொகை கர்த்தருக்கு உரியதாகி ஆசாரியனைச் சேர வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய வசனம், பாவத்தை அறிக்கையிடுவதையும் பணத்தைத் திருப்புவதையும் ஒரே மூச்சில் விதிக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. வேறொருவர் அதைப் பெற வேண்டும். இந்தச் சட்டத்தைச் சகேயுவின் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்தால், 'யாரிடமாவது' என்ற சொல் தெளிவாகிவிடுகிறது. அது 'பறித்தேனோ இல்லையோ' என்ற ஐயம் அன்று. 'இன்னாரிடம் என்று காட்டமுடிந்தால்' என்ற வரையறை. காட்டமுடிந்தவர்களுக்கு நான்கு மடங்கு. காட்டமுடியாதவர்களுக்கு உரியது, ஆசாரியனிடம் போகாமல் ஏழைகளிடம் போகிறது. இது லூக்காவுக்கே உரிய திருப்பம். அப்போது எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கு அவனை நேர்மையாளன் ஆக்காது. முகம் தெரிந்தவர்களிடம் பறித்தது எட்டில் ஒன்றுக்குள் அடங்கலாம். முகம் தெரியாதவர்களிடம் பறித்ததற்குச் சொத்தில் பாதியே போகிறது.

இது மெய்ப்பிக்கப்பட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாதியையும் நான்கையும் லூக்கா வெளிப்படையாக இணைத்துக் காட்டவில்லை. ஆனால் வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் வேலை வாங்கும் வாசிப்பாக நான் காண்பது இது ஒன்றே.

மனந்திரும்புதல் என்ற சொல்லே பகுதியில் இல்லை என்பார்கள். கெட்ட குமாரன் உவமைக்குள்ளும் அந்தச் சொல் இல்லை. அவன் திரும்பிவரவில்லை என்று யாரும் எழுதியதில்லை. 'இவனும் ஆபிரகாமின் குமாரன்' என்பது நேர்மைக்கான நற்சான்று என்பார்கள். 3:8இல் யோவான், மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடாமல் ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று சொல்லத் தொடங்காதீர்கள் என எச்சரித்ததையும், அங்கே ஆயக்காரர் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதையும் மறந்தால்தான் அப்படிச் சொல்லமுடியும். கனி வந்தது, பெயரும் கிடைத்தது. இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவும் வந்ததாகச் சொல்லும் 19:10, சகேயு இழந்துபோகாதவன் என்றால் அந்த இடத்தில் நிற்கவே காரணமில்லை.

பணத்தைக் கொடுத்து இரட்சிப்பை வாங்குவதாக ஆகிவிடாதா என்பது சீர்திருத்த மரபில் வளர்ந்தவர்களின் அச்சம். நானும் அந்த மரபில் வளர்ந்தவன். அந்த அச்சம் எனக்குப் புதிதல்ல. வரிசையைப் பார்த்தால் அது தீரும். மரத்திலிருந்து இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்வது 19:5இல். சகேயு பணத்தைப் பற்றி வாய் திறப்பது 19:8இல். அழைப்பு முன், கணக்கு பின். ஆனால் பின்னால் வருவதால் அது விட்டுவிடத்தக்கது ஆகாது. மக்கெதோனியுசுக்கு எழுதிய 153ஆம் கடிதத்தில் அகுஸ்தீன், திருப்பித் தரக்கூடிய பொருளைத் தராமல் செய்யும் மனந்திரும்புதல் பாவனையே என்று தீர்ப்புச் சொல்கிறார். வறுமையால் தரமுடியாதவனை அவர் அதில் சேர்க்கவில்லை.

நம் சபைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்கு உரியதாகிவிட்டது. குள்ளமான மனிதன், காட்டத்தி மரம், விருந்து. எட்டாம் வசனத்தில் வரும் தொகைகள் பிரசங்கத்தில் வேகமாகக் கடந்துபோகின்றன. பாவ அறிக்கை ஆராதனை முறைமையில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் அருட்சாதனமாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற கேள்வி மட்டும் எங்கோ தவறிவிட்டது. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டவனும், கூலியைக் குறைத்துக் கொடுத்தவனும், சபைச் சொத்தைத் தன் பெயருக்கு மாற்றியவனும் கண்ணீரோடு ஜெபித்து எழுந்து போகமுடிகிறது. சகேயுவை நிரபராதி ஆக்கும் வாசிப்பு, அறிந்தோ அறியாமலோ, இவர்களுக்கு உதவுகிறது.

எனவே, திருத்திய பதிப்புகளையும் விளக்கவுரைகளையும் ஆயத்தம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லூக்கா 19:8க்கு ஒப்புமையாக யாத்திராகமம் 22:1ஐ மட்டும் சுட்டினால் போதாது. எண்ணாகமம் 5:6-8ஐயும் சேர்த்து அச்சிடுங்கள். 'வழக்கமாக' என்ற சொல்லை வசனத்துக்குள் நுழைக்காதீர்கள்.