கோடும் களிமண்ணும்: சென்னைக் கலைத்தொழிற்பள்ளி முதல் சேவாகிராமம் வரை இளையோருக்கான ஓவிய, மட்பாண்டக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக் கல்வியில் ஓவியம் நிலையான இடம் பெற்றதற்கும் மட்பாண்டக் கலை அவ்விடத்தைப் பெறாமைக்குமான வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. 1850இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைத்தொழிற்பள்ளி, 1944 முதல் சேவாகிராமத்தில் நடைபெற்ற கலை வகுப்புகள், 1953இன் தொடக்கக் கல்வித் திட்டம் பற்றிய விவாதம் ஆகிய மூன்றும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. களிமண் எவ்வகையில் கற்பிக்கப்பட்டது என்பதைவிட, யாருக்கு எதற்காகக் கற்பிக்கப்பட்டது என்பதே அதன் கல்வி மதிப்பைத் தீர்மானித்தது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஓவியக் கல்வி, மட்பாண்டக் கலை, சென்னைக் கலைத்தொழிற்பள்ளி, ஆதாரக் கல்வி, தேவி பிரசாத், குலக்கல்வி.

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றுடன் ஓவியத்திற்கும் சிறப்பாசிரியர் பணியிடம் உண்டு. மட்பாண்டம் வனையக் கற்பிக்கும் ஆசிரியர் என்றொரு பணியிடம் பொதுப்பள்ளி அமைப்பில் வழக்கத்தில் இல்லை. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் கீழடியின் கீறல் பெற்ற பானை ஓடுகளும் பாடநூல்களில் பெருமிதத்துடன் பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றைப் படிக்கும் பதின்பருவ மாணவர் களிமண்ணைக் கையால் தொட்டு ஒரு கலத்தை உருவாக்கும் வாய்ப்பைப் பள்ளி தருவதில்லை. இது தற்செயலாக நிகழ்ந்த விடுபாடு அன்று. ஒன்றரை நூற்றாண்டுக் காலக் கல்விச் சிந்தனையும் சமூக அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய நிலை இது.

மரபுவழிக் கற்றல்

குயவர், வேளார், குலாலர் எனப் பல பெயர்களால் அழைக்கப்படும் சமூகத்தாரிடையே தொழிற்கல்விக்கெனத் தனி இடமோ காலமோ இருந்ததில்லை. வீடே பட்டறை. ஏரி வண்டலைக் கொணர்தல், கல்லும் வேரும் நீக்குதல், மணல் கலந்து மிதித்துப் பிசைதல், சக்கரத்தில் வனைதல், ஈரம் வற்றியபின் உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டி அடிப்பாகத்தை மூடி உருட்சி பெறச் செய்தல், சூளை அடுக்கிச் சுடுதல் என்னும் படிகளைப் பிள்ளைகள் உடனிருந்து கற்றனர். இம்முறையில் வரைபடத்திற்கு இடமில்லை. கலத்தின் வடிவம் தாளில் தோன்றிக் கைக்கு வருவதன்று, கையிலேயே தங்கியிருப்பது.

இக்கற்றலுக்கு இரு எல்லைகள் இருந்தன. பிறப்பால் அச்சமூகத்தைச் சாராதவர் அதனுள் நுழைதல் அரிது. அச்சமூகத்தினுள்ளும் மண் பதப்படுத்துதல் போன்ற கடும் உழைப்பில் பங்கேற்ற பெண்கள் சக்கரத்தில் அமர்வது பொதுவாக வழக்கமில்லை. ஆகவே மரபுவழிக் கற்றல் செறிவுடையதாயினும் திறந்த கல்வியாக இருந்ததில்லை. பின்னர் வந்த பள்ளிமுறையை மதிப்பிடும்போது இவ்விரு எல்லைகளையும் மறத்தலாகாது.

சென்னைக் கலைத்தொழிற்பள்ளி: இரு பிரிவுகள்

சென்னை மருத்துவப் பணியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தம் சொந்த முயற்சியில் கலைப்பள்ளி ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். அடுத்த ஆண்டில் தொழிற்பள்ளி ஒன்றையும் அதனுடன் சேர்த்தார். சில ஆண்டுகளுக்குள் அரசு இந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. கல்கத்தா (1854), பம்பாய் (1857), லாகூர் (1875) ஆகிய நகரங்களின் கலைப்பள்ளிகளுக்கெல்லாம் இது முற்பட்டது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இதன் தொடர்ச்சியே.

பள்ளியின் அமைப்பிலேயே ஒரு பிளவு இருந்தது. ஓவியம், செதுக்கு வேலை முதலியன கலைப் பிரிவில் இடம்பெற்றன. மட்பாண்டம், செங்கல், ஓடு முதலியன தொழிற்பிரிவைச் சேர்ந்தன. ஹண்டர் களிமண் வகைகளில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். ஆயினும் அவருடைய திட்டத்தில் களிமண் அன்றாடப் பயன்பொருளாகவும் கட்டடப் பொருளாகவுமே நின்றது. இரசனையை வளர்ப்பது ஓவியம், பயனைத் தருவது மண் என்னும் பகுப்பு இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றியது.

இங்கிலாந்தில் 1852இல் ஹென்றி கோல் தலைமையில் அமைந்த நடைமுறைக் கலைத்துறை இப்பகுப்பை மேலும் உறுதிப்படுத்தியது. பின்னாளில் சவுத் கென்சிங்டன் முறை எனப் பெயர் பெற்ற அப்பாடத்திட்டத்தை ரிச்சர்ட் ரெட்கிரேவ் 23 நிலைகளாக வகுத்தார். நேர்கோடு, வெறுங்கைக் கோட்டுருவம், நிழற்பூச்சு, மாதிரியைப் பார்த்து வரைதல் என மாணவர் படிப்படியாக ஏறவேண்டும். களிமண்ணில் உருவமைத்தல் அதன் பிற்பகுதியிலேயே வந்தது. அதுவும் கலம் வனைதலன்று. அலங்கார வடிவங்களைப் படியெடுத்தலே. இம்முறை இந்தியக் கலைப்பள்ளிகளிலும் பின்பற்றப்பட்டபோது, ஓவியம் ஏனைய கைவினைகளுக்கெல்லாம் நுழைவாயில் ஆனது. கையிலிருந்து வடிவத்தைப் பெற்ற குயவர் வீட்டுப் பிள்ளையும் முதலில் தாளில் கோடு வரைந்தாக வேண்டியிருந்தது.

இப்போக்கிற்கு மறுப்புகளும் அக்காலத்திலேயே எழுந்தன. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூல், ஊர்க் கைவினைஞரின் மரபைப் போற்றியது. 1884இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற இ.பி. ஹேவெல், மாகாணமெங்கும் பயணம் செய்து கைத்தொழில்களை ஆவணப்படுத்தினார். எனினும் இவர்கள் காக்க விரும்பியது கைவினையை. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வியாகக் கைவினையை இவர்கள் முன்வைக்கவில்லை. குயவர் மகன் நல்ல குயவனாக நீடிக்கவேண்டும் என்பதே மரபுப் பாதுகாப்பு வாதத்தின் உட்கிடை.

தேர்வும் சூளையும்

ஓவியம் கலைப்பள்ளிக்கு வெளியே பரவியதற்குத் தேர்வுமுறை பெருங்காரணம். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்ற அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம் இடம்பெற்றது. கீழ்நிலை, மேல்நிலை என்னும் அதன் பகுப்பு, ஓவிய ஆசிரியர் தகுதிக்கான படிகளாகத் தமிழ்நாட்டில் இன்றுவரை தொடர்கிறது.

இதன் பொருளியல் எளிது. தாள், பென்சில், ஒரு மாதிரிப் பொருள், இரண்டு மணி நேரம் ஆகியன இருந்தால் எந்த ஊர்ப் பள்ளியிலும் ஓவியத் தேர்வு நடத்தலாம். விடைத்தாளைக் கட்டித் தலைநகருக்கு அனுப்பலாம். கோட்டின் நேர்மையை அளந்து மதிப்பெண் இடலாம். மட்பாண்டமோ உலர நாள்கள் வேண்டும். சூளைக்கு விறகும் இடமும் வேண்டும். தேர்வு நாளில் வனைந்த கலம் சூளையில் வெடித்தால் அது மாணவர் குறையா, மண்ணின் குறையா, அடுக்கியவர் குறையா என்று கூற இயலாது. மேலும் வரைவாளர் வேலைக்குப் பொதுப்பணித் துறை, இருப்புப்பாதை, நில அளவை ஆகியவற்றில் தேவை இருந்தது. வனைவோருக்கு அத்தகைய அலுவலகத் தேவை இல்லை. சான்றிதழாக மாறக்கூடிய திறன் பள்ளிகளுக்குள் பரவ, அவ்வாறு மாற இயலாத திறன் ஒரு கட்டடத்தின் பட்டறைக்குள் தங்கியது.

சேவாகிராமம்: இரண்டும் ஒரே வகுப்பில்

காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கருத்து 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் விவாதிக்கப்பட்டது. ஜாகிர் உசேன் குழு 7 முதல் 14 வயது வரையிலான கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்றவற்றுடன் வட்டாரச் சூழலுக்கு ஏற்ற பிற தொழில்களுக்கும் அதில் இடமிருந்தது. ஓவியம் தனிப்பாடமாக வைக்கப்பட்டது. மாணவர் உற்பத்தி பள்ளிச் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கருத்து கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. பொருளாதார நோக்கு கல்வி நோக்கை விழுங்கிவிடும் இடர் உண்டு என்று குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

இத்திட்டத்தைச் செயற்படுத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக விளங்கியவர் யாழ்ப்பாணத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகம். தாகூரின் செயலாளராகச் சாந்திநிகேதனில் பணியாற்றிய பின்னர்த் துணைவியார் ஆஷாதேவியுடன் வார்தாவிற்கு வந்தவர் இவர். சாந்திநிகேதனின் கலை நோக்கும் சேவாகிராமத்தின் உழைப்பு நோக்கும் சந்திப்பதற்கு இவர்களுடைய பின்புலம் துணைபுரிந்தது எனலாம்.

அச்சந்திப்பைக் கலை வகுப்பில் நிகழ்த்தியவர் தேவி பிரசாத் (1921–2011). கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற இவர், 1944இல் சேவாகிராமத்தில் கலை ஆசிரியரானார். 1962இல் போர் எதிர்ப்பாளர் பன்னாட்டமைப்பின் பொறுப்பேற்று இலண்டன் செல்லும் வரை அங்குப் பணியாற்றினார். 1945இல் ஆதாரக் கல்வி முன்னாதாரம், ஆதாரம், பின்னாதாரம், முதியோர் கல்வி என விரிவாக்கப்பட்டமையால், சிறு குழந்தைகளோடு பதின்பருவத்தினரும் அக்கல்விச் சூழலுள் வந்தனர். தேவி பிரசாத் ஓவியரும் மட்பாண்டக் கலைஞருமாவார். கலை என்பது கல்வியின் ஒரு பாடமன்று, கல்வியின் அடிப்படை என்பது அவர் பின்னாளில் நூலாக விரித்துரைத்த கொள்கை.

சென்னைப் பள்ளியின் அமைப்போடு ஒப்பிட்டால் இதன் வேறுபாடு புலப்படும். அங்கு ஓவியமும் மண்ணும் இரு பிரிவுகள். இங்கு இரண்டும் ஒரே ஆசிரியரின் பணி. அங்கு மண் ஒரு பிழைப்புக்கான பயிற்சி; இங்கு எப்பிழைப்பை நாடுவோருக்கும் உரிய அனுபவம். அங்குப் படியெடுத்தல் முதற்படி. இங்குப் பிள்ளையின் சொந்த வெளிப்பாடு முதற்படி. ஆதாரக் கல்வியின் உள்ளேயும் இது தனித்து நின்றது. நூற்பில் எத்தனை முழம், எத்தனை கழி என்று கணக்கிட முடிந்தது. கலை வகுப்பின் விளைவை அவ்வாறு கணக்கிட முடியாது. குழுவின் அறிக்கை அஞ்சிய இடருக்கு நடைமுறையில் கிடைத்த ஒரு மறுமொழியாக இவ்வகுப்பைக் கருதலாம்.

பதின்பருவமும் இரு ஊடகங்களும்

ஓவியமும் மண்ணும் ஒருங்கே அமைவது பதின்பருவத்தினருக்கு ஏன் இன்றியமையாதது? வியன்னாவில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் ஆக்க வளர்ச்சியை நிலைகளாகப் பகுத்தார். ஏறத்தாழ 12 வயதையொட்டிப் பிள்ளையின் திறனாய்வு நோக்கு கூர்மையடைகிறது. தான் வரைந்தது கண்ட பொருளைப் போல் இல்லை என்னும் மனக்குறை எழுகிறது. வரைவதையே பலர் கைவிடும் காலம் இது.

வியன்னாவில் பார்வைக் குறையுடைய மாணவர்களுடன் களிமண் உருவமைப்பில் லோவன்ஃபெல்ட் ஈடுபட்டிருந்தார். கண்ணால் உலகை அறிவோர், தொடுதலாலும் உடலுணர்வாலும் அறிவோர் என இருவகையினர் உளர் என்னும் அவர் கருத்துக்கு அப்பணி அடிப்படையாயிற்று. இக்கருத்தை ஏற்பின், ஓவியம் மட்டுமே கற்பிக்கும் பள்ளி இரண்டாம் வகையினரைக் கலையில் தோல்வியுற்றோராகவே வெளியேற்றுகிறது என்பது பெறப்படும். ‘எனக்கு வரைய வராது’ என்று கூறும் மாணவர் பலருக்கு வேறோர் ஊடகம் தரப்பட்டதே இல்லை.

1953: குலக்கல்வி விவாதம்

இத்துணைச் சிறப்பிருந்தும் கைவினைக் கல்வியைத் தமிழ்ச் சமூகம் ஐயத்துடன் நோக்கியதற்கு வலுவான காரணம் உண்டு. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி சென்னை மாநிலக் கிராமப்புறங்களில் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். நாளின் ஒரு வேளை பள்ளி. மறுவேளை பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள பிற தொழிலையோ கற்றல். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என எதிர்த்தனர். காங்கிரசினுள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

இது தொடக்கநிலைப் பிள்ளைகள் பற்றிய திட்டமே. எனினும் அதன் தாக்கம் தொடக்கப்பள்ளியோடு நிற்கவில்லை. குயவர் பிள்ளை மண்ணுக்கும் வழக்குரைஞர் பிள்ளை நூலுக்கும் அனுப்பப்படும் ஏற்பாட்டில் மண் ஒரு தண்டனையாகிவிடுகிறது. எதிர்ப்பாளர்கள் கைவினையை மறுக்கவில்லை. பிறப்பின்படி கைவினையைப் பங்கிடுவதை மறுத்தனர். இந்நுண்வேறுபாடு பிற்காலத்தில் மங்கியது. கோத்தாரிக் குழு (1964–66) முன்வைத்த ‘பணி அனுபவம்’ முதலிய ஏற்பாடுகளும் பாடவேளைப் பட்டியலின் ஓரத்திலேயே நின்றன. சாதியின் நிழல் படியாத கைவினைக் கல்வி இயலுமா என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஓவியம் பள்ளியில் நிலைபெற்றது அது மண்ணினும் உயர்ந்த கலை என்பதனாலன்று. அது தேர்வுக்கும் சான்றிதழுக்கும் அலுவலகத்திற்கும் எளிதில் உடன்பட்டமையால் ஆகும். இரண்டாவதாக, மண் பள்ளிக்குப் புறம்பாக நின்றமைக்குக் காலனியக் காலப் பகுப்பும் சாதியுடன் அதற்கிருந்த பிணைப்பும் ஒருங்கே காரணமாயின. மூன்றாவதாக, இவ்விரு தடைகளையும் ஒரே வேளையில் கடக்கும் வழியைச் சேவாகிராமத்தின் கலை வகுப்பு காட்டியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே களிமண்ணில் கை வைக்கும்போது மரபுவழிக் கற்றலின் எல்லைகளும் உடைகின்றன. குலக்கல்வியின் அச்சமும் பொருளிழக்கிறது.

இன்று பதின்பருவத்தினருக்கான மட்பாண்ட வகுப்புகள் பெருநகரங்களில் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் விடுமுறைப் பயிற்சியாக வளர்ந்துவருகின்றன. மறுபுறம் குயவர் குடும்பத்து இளையோர் பலர் சக்கரத்தைவிட்டு விலகுகின்றனர். ஒருவர் கட்டணம் செலுத்திக் கற்பதை மற்றவர் விடுதலை வேண்டித் துறக்கும் இம்முரண், மண்ணின் கல்வி மதிப்பு அதனைத் தொடும் கையின் சமூக நிலையிலிருந்து இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. அப்பிரிவினை நிகழக்கூடிய இடம் பொதுப்பள்ளியே. ஓவிய ஆசிரியரின் அறைக்கருகே ஒரு சக்கரமும் ஒரு சிறு சூளையும் அமையுமாயின், 1850களில் இரண்டாகப் பிரிக்கப்பட்டவை மீண்டும் ஒன்றுசேர வழி பிறக்கும்.